கன்று விட்ட பேனர்

பிறக்காத ஒருவன் செத்துப்போனதற்காக இரண்டு ஊர்க்காரர்கள் வெட்டிக்கொண்டார்கள். நடந்த தப்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவனவன் சொல்லிக்கொண்ட சாக்கு.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஈச்சங்கால். அந்தப் பக்கம் புளிச்சிவிளை. நடுவே ஒரு பாலம். பெண் கொடுத்ததும் எடுத்ததும், வைக்கோல் போனதும் மீன் வந்ததும் அந்தப் பாலத்து வழியாகத்தான். இரண்டு ஊருக்கும் சண்டை போட ஒரு காரணமும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறை சிலருக்கு இருந்திருக்க வேண்டும்.

ஈச்சங்காலில் பந்தல் சாமானும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் பால்வண்ணம். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை. ஊரில் எவன் செத்தாலும் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி பேனரில், செத்தவன் தலைக்குக் கீழே துக்கம் கொண்டாடுகிறவர்களின் சின்னப் படங்களை வரிசையாக வைப்பார்கள் அல்லவா, அதில் இடமிருந்து நாலாவது அவர் படம். கறுப்புக் கண்ணாடி போட்ட படம். மூன்றாவது இடத்துக்கு அவர் ஆசைப்பட்டதில்லை. ஐந்தாவதுக்கு இறங்க மாட்டார். அந்த ஊரில் மீசை முளைத்த எல்லோருக்கும் இப்படி ஒரு இடம் உண்டு. செத்தவன் யார் என்று மட்டும் எவனும் கேட்க மாட்டான். கேட்டால், தனக்குச் சாவுச் சேதி சொல்லி அனுப்பவில்லை என்று தானே ஊர் முன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி. அந்த அவமானத்துக்குச் செத்துப்போவதே மேல் என்று நினைக்கிற ஊர்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருந்த தாணு ஒரு புது மிஷின் வாங்கினான். மை ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரில் மாதிரிக்குக் கிடந்த ஒரு கண்ணீர் அஞ்சலியை முழு அளவில் அடித்தான். நடுவில் ஒரு ஆண் முகம். யாருடைய முகமும் இல்லை. கம்ப்யூட்டரே பிசைந்து உருட்டிய முகம். இடது வகிடு, அடர்ந்த மீசை, பாதிச் சிரிப்பு. பார்க்கிற எவனுக்கும் சொந்தத்தில் யாரோ ஒரு சித்தப்பா மாதிரி இருக்கும். பெயர் போடுகிற இடம் காலி. தோற்றம், மறைவு என்ற இரண்டுக்கும் எதிரே ஒன்றுமில்லை. மை காயட்டும் என்று கடை வாசலில் கட்டிவிட்டுத் தாணு சாப்பிடப் போனான். அவன் சாப்பிட்டு வருவதற்குள் ஊர் அழுதுவிட்டது.

பால்வண்ணம் டீக்கடையில் நின்று அதைப் பார்த்தார். நெஞ்சு திக்கென்றது. செத்தவனுக்காக இல்லை. கீழே தன் படம் இல்லை.

"பாத்தீரா அண்ணாச்சி?" என்றார் பக்கத்தில் நின்ற செண்பகராமன். எல்லாப் பேனரிலும் முதல் படம் இவருடையது. வேறு தொழில் கிடையாது.

"பாத்தேன், பாத்தேன்." அதற்கு மேலும் ஏதாவது சொல்லியாக வேண்டும். "நல்ல மனுசன்," என்றார் பால்வண்ணம்.

"என்ன இப்படி மொட்டையாச் சொல்லிட்டீரு! எனக்கு எவ்வளவு பழக்கம் தெரியும்லா?"

"எனக்கு மட்டும் என்னவாம்? எங்க அப்பா காலத்துலருந்தே பழக்கம்."

டீ ஆற்றுகிறவன் சும்மா இருப்பானா? "முந்தாநாள்கூட வந்து இந்த பெஞ்சுலதான் உக்காந்தாரு. சீனி கம்மியாப் போடுன்னாரு."

அதோடு தீர்ந்தது. சீனி கம்மியாகக் குடித்த ஒருவன் எப்படி இல்லாதவன் ஆவான்?

பால்வண்ணம் நேரே தாணுவிடம் போனார். "ஏலே, எம் படம் எங்க?"

"அண்ணாச்சி, அது சும்மா மிஷின் சோதனைக்கு..."

"செத்தவனப் போயி சும்மாங்கியே, நாக்கு அழுகிரும்லே."

விஷயம் அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மூளை இல்லாதவர் இல்லை. ஆனால் டீக்கடையில் அப்பா காலத்துப் பழக்கம் என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன வாயைத் திருப்பிக்கொள்வதைவிட இல்லாதவனை இருந்தவனாக்குவது சுலபமாகப் பட்டது. "கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தப் போடு. நாலாவது," என்றார்.

படங்களோடு பெரிதாக இன்னொன்று அடித்தார்கள். பாலத்தின் ஈச்சங்கால் முனையில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினார்கள். ஊர் கூடி மாலை போட்டது. ஒரு பெண் மயங்கிக்கூட விழுந்தாள்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பேனர் கன்று விட்டிருந்தது. சவுக்குக் கம்பின் அடியில், ஈர மண்ணைப் பிளந்துகொண்டு, வாழைக் குருத்து மாதிரிச் சுருண்டு ஒன்று மேலே வந்தது; வெயில் ஏற ஏறச் சுருள் பிரிந்தது; உச்சிக்குள் உள்ளங்கை அகலப் பேனராக நின்றது. அதே வகிடு, அதே மீசை. கீழே கடுகு கடுகாய் வரிசைப் படங்கள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆட்டுக்காரன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "கன்னு வச்சிருக்கு, ஆடு கடிச்சிரும்," என்று சொல்லி முள் வெட்டிவந்து வேலி கட்டினான். குடத்தோடு போன பெண்கள் ஆளுக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தார்கள். பால்வண்ணம் குனிந்து, கடுகில் நாலாவது கடுகைத் தேடிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி இருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கன்றுதான். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போனவள் ஈரச்சாக்கில் சுற்றி ஒன்றை எடுத்துப்போனாள். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன் திருப்பூருக்கு ஒன்றைக் கொண்டுபோய் விடுதிப் பின்புறம் நட்டான். லாரிக்காரன் முன்கண்ணாடிக்கு உள்ளே தகரடப்பாவில் வைத்துக்கொண்டு போன வழியெல்லாம் நின்ற நின்ற ஊரில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தான். வாங்கினவன் யாரும் இது யார் என்று கேட்கவில்லை, கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே, அதனால் வாங்கினவன் எல்லாம் தலையை ஆட்டி, நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று சொல்லி, தன் ஊர் மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

இன்னொன்றும் நடந்தது. கன்றில் எழுதியிருந்தது தாய்ப் பேனரில் எழுதியிருந்தது இல்லை. யாரும் அச்சடிக்கவில்லை, தானாகவே மாறி முளைத்தது. ஒன்றில் 'அன்புள்ளம் கொண்டவர்' என்று வந்தது. அதற்கு எவனும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு வாரத்தில் காய்ந்து சருகாகிவிட்டது. ஒன்றில் 'வீரவணக்கம்' என்று வந்தது. அதற்குக் குடம் குடமாக ஊற்றினார்கள். அதன் கன்றில் 'வீழ்த்தப்பட்ட மாவீரன்' என்று வந்தது. அது இடுப்பு உயரம் தழைத்தது. அதன் கன்றில் 'துரோகிகளே' என்று வந்தது. அதற்கு ஆட்டுப் புழுக்கை வைத்து, பந்தல் போட்டு, முறை வைத்துக் காவலும் இருந்தார்கள். மண்ணுக்கு என்ன தெரியும்? எல்லாவற்றையும்தான் முளைக்க விடுகிறது. எதற்குத் தண்ணீர் ஊற்றினோம் என்பது ஊற்றினவனுக்குத் தெரியும்.

பால்வண்ணத்துக்கு ஒரே மகள், ஆவுடைச்செல்வி. புளிச்சிவிளையில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை சுடலைமுத்து டிராக்டர் ஓட்டுகிறவன், சாது. அவனுடைய அம்மா சாது இல்லை. புருஷன் போனபின் ஆற்றங்கரையில் இட்லிக்கடை போட்டு மகனை வளர்த்தவள். வாயைத் திறந்தால் ஊர் காதைப் பொத்தும். பால்வண்ணம் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. முகத்துக்கு நேரே சம்பந்தியம்மா. முதுகுக்குப் பின்னால் அந்தப் பொம்பளை.

மாசியில் ஆவுடைக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்து தலைப்பிரசவம் பார்ப்பதுதான் வழக்கம். பால்வண்ணமும் அவர் மனைவி வடிவும் வேன் பிடித்துப் போனார்கள். சீர்த்தட்டில் வளையல், பூ, பழம், கலந்த சாதம் எல்லாம். கடைசித் தட்டில், பிளாஸ்டிக் வாளியில், ஒரு கன்று. ஊரிலேயே நன்றாகத் தழைத்ததாகப் பார்த்து அவரே தோண்டியது.

சம்பந்தியம்மா வாளியை எட்டிப் பார்த்தாள். "இது என்ன எழவு?"

"ஒரு மரியாதைக்குக் கொண்டாந்தது. வாசல்ல நடணும்."

"வளைகாப்புக்குச் செத்தவன் படமா? அண்ணாச்சி, உமக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? ஆரு இவன்?"

அவள் கேட்டேவிட்டாள். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

பால்வண்ணம் வாளியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆருன்னு தெரியாதவ வீட்லயா எம் மகளக் குடுத்துருக்கேன்?"

"தெரியாது. நீரு சொல்லும். பேரு என்ன? எந்தத் தெரு? பொண்டாட்டி ஆரு?"

பதில் இல்லாதவன் என்ன செய்வானோ அதைச் செய்தார். எழுந்து துண்டை உதறினார். "இந்தக் கன்ன வாசல்ல நட்ட பெறவு வாரேன். அப்பத்தான் எம் மகளக் கூட்டிட்டுப் போவேன்."

"அப்பா!" என்றாள் ஆவுடை. கை நிறையக் கண்ணாடி வளையல், முகத்தில் சந்தனம். வடிவு கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மனிதர் வேனில் ஏறிவிட்டார். வளையல் போட்ட மகளை விட்டுவிட்டு, படத்துக்காக வந்த கோபத்தை மட்டும் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

சம்பந்தியம்மா வாளியைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தாள். அக்கம்பக்கத்தார் பொறுக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் புளிச்சிவிளை முனையில் நட்டுவிட்டார்கள். அந்தக் கரையில் வண்டல் அதிகம். வாரத்தில் ஆள் உயரம். அங்கே மீசை மேல்நோக்கி முறுக்கிக்கொண்டது, எழுத்தும் மாறிக்கொண்டது. 'எங்கள் குலக்கொழுந்து' என்று வந்தது. அதன் கன்றில் 'ஆற்றுக்கு அப்பால் இருந்து வந்த சதி' என்று வந்தது.

அப்படியானால் அவன் புளிச்சிவிளைக்காரன். அப்படியானால் கொன்றது ஈச்சங்கால்காரன். இந்தக் கரையில் உடனே பதில் முளைத்தது: இவன் எங்களவன், கொன்றது நீங்கள், கொன்றதும் இல்லாமல் மீசையையும் திருடினீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் நடக்கிற வரிசைதான். முதலில் பெண் எடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு மீன் வாங்குவதை. பிறகு டிராக்டர் டயரைக் கிழித்தார்கள், வைக்கோல்போரைக் கொளுத்தினார்கள், பஸ்ஸைக் கொளுத்தினார்கள், பாலத்தின் நடுவில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். இரண்டு முனையிலும் அருவாளோடு ஆள் நின்றது. திருப்பூரில், இந்த ஆற்றைக் கண்ணால் பார்த்திராத இரண்டு கூட்டம், விடுதி மாடியில் இருந்து ஒருவனையொருவன் தள்ளிவிட்டது. லாரிக்காரன் கன்று கொடுத்துப் போன ஊர்களில் எல்லாம் கடை அடைப்பு, கல்வீச்சு, ஊரடங்கு. எங்கேயும் காரணம் ஒன்றே. மீசை கீழ்நோக்கியா, மேல்நோக்கியா?

நிஜமாகவே செத்தவர்களும் உண்டு. முதலில் செத்தவன் மாசானம். வளைகாப்புக்கு வேன் ஓட்டினவன். புளிச்சிவிளையில் வேலை முடித்துத் திரும்பும்போது பாலத்தில் வைத்து வெட்டினார்கள். அவனுக்கும் பேனர் அடித்தார்கள். பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, இரண்டு சின்னப் பிள்ளைகள் பெயரும் இருந்தது. அது கன்று விடவில்லை. மூன்றாம் நாள் காற்றில் பிய்ந்து ஆற்றில் போனது. எடுத்துக்கட்ட ஆள் இல்லை. எல்லோரும் பெரிய பேனருக்குக் காவலாக இருந்தார்கள்.

தாணுவால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினான். "அய்யா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அப்படி ஒரு ஆளே கிடையாது. மிஷின் சோதனைக்கு நாந்தான் அடிச்சேன். பால்வண்ணம் அண்ணாச்சிக்கிட்டகூட அன்னைக்கே சொன்னேன். அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க!"

கூட்டம் பால்வண்ணத்தைத் திரும்பிப் பார்த்தது. அவர் டீயை ஊதிக் குடித்தார். தம்ளரின் அடியில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனி கம்மியாக் குடிச்சவர இல்லைங்கானே!" என்று டீ ஆற்றுகிறவன் அலறினான். தாணுவின் மிஷினை உடைத்தார்கள். வலது கையையும் உடைத்தார்கள். அடுத்த மழையில் முளைத்த கன்றில் 'தாணுவே, பதில் சொல்' என்று இருந்தது. அவன் பதிலைத்தான் சொன்னான், அந்தப் பதில் வேண்டாமாம்.

இதற்குள் பேனருக்குச் சக்தி உண்டு என்று ஆகிவிட்டது. கெட்ட எண்ணத்தோடு தொட்டால் கை விளங்காமல் போய்விடுமாம். தொட்டுப் பார்த்தவன் எவனும் இல்லாததால் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

சித்திரை பிறந்தது. ஆவுடைக்கு மாதம் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி இருப்பது ஈச்சங்காலில். ஆம்புலன்ஸ் வராது, வந்தால் எந்தக் கரைக்காரன் கொளுத்துவான் என்பதில்தான் போட்டி.

வடிவு சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஏங்க, ஒங்க மூஞ்சி அதுல நாலாவதா இருக்கணும். அதுக்கு எம் மக ஆத்துக்கு அந்தப் பக்கம் கிடந்து சாவணுமா?"

"என்னட்டி பேசுத?"

"பொறவு என்ன பேச? வளைகாப்பு முடிஞ்ச அன்னைக்குக் கையோட கூட்டியாந்திருந்தா இன்னேரம் எங் கண்ணு முன்னால இருப்பா. ஆருக்குக் கோவிச்சீரு? அவன் ஆருன்னு ஒமக்காவது தெரியுமா?"

தெரியும். அவன் யாருமில்லை என்று முதல் நாளிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தட்டிலேயே கையைக் கழுவினார்.

மறுநாள் பாலத்து முனைக்குப் போய் நின்றார். மகளைக் கூட்டிவரப் போகிறேன், முள்ளை விலக்குங்கள் என்று கேட்டார். செண்பகராமன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீரு நாலாவது படம். நாலாவது படமே எதிரி கரைக்குப் போனா, பதினஞ்சாவது படம் என்ன நினைப்பான்?"

"எம் மக வயித்தப் புடிச்சிட்டுக் கிடக்கா ஓய்."

"அவரு உயிரையே குடுத்திருக்காரு. நம்ம ஒரு பிரசவத்தக்கூடக் குடுக்கக் கூடாதா?"

சொன்னவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பால்வண்ணத்துக்கு அவனை அடிக்கக் கை துடித்தது. கை என்னவோ சட்டைப்பைக்குள்தான் இருந்தது. அன்றைக்கு முழுதும் அங்கேயே நின்றார். அடுத்த நாளும் போய் நின்றார். தன் ஊர் போட்ட முள்ளுக்கு இந்தப் பக்கம், தன் படத்தின் நிழலில்.

அப்படி நிற்கும்போதுதான், உச்சி வெயிலில், பாலத்தின் அந்த முனையில் இருந்து ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே இரண்டு பெண்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடந்தாள். இன்னொருத்தி ஒரு கையில் குடையும் ஒரு கையில் பையுமாக, வாயில் வசவுமாக வந்தாள். புளிச்சிவிளைக் காவல்காரர்கள் தடுக்கப் பார்த்து, வசவு பொறுக்காமல் வழி விட்டார்கள். நடுப்பாலத்து முள்ளைக் காலால் எத்தித் தள்ளினாள். பின்னாலேயே சுடலைமுத்து ஓடிவந்தான். ஊர்க் கட்டாயத்துக்குப் பயந்து காவலுக்கு நின்றவன், கையில் அருவாள்.

"எம்மா, திரும்பி வா! அங்க போனா வெட்டுவானுவோ. இது ஆம்பளையோ விவகாரம்."

"ஆமாலே, பெரிய ஆம்பளையோ. ஒம் பொண்டாட்டிக்கு நோவு எடுத்துருச்சு. நீ ஆருக்குலே அருவாளப் புடிச்சுட்டு நிக்க? அவனுக்கா? அவன் ஒனக்குப் பாலு குடுத்தானா?"

பாலத்தைத் தாண்டி ஈச்சங்கால் மண்ணில் கால் வைத்ததும் ஆவுடை உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. பெரிய பேனருக்கு நேர் கீழே, கொதிக்கிற தார் ரோட்டில். இந்தப் பக்கம் முப்பது நாற்பது அருவாள். பாலத்தில் அந்தப் பக்கத்து அருவாள்கள் வேறு, சுடலைமுத்துவுக்குப் பின்னால் ஓடிவந்து நின்றிருந்தன. அத்தனை அருவாளுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அத்தே, இனி ஒரு அடி நடக்க முடியாது," என்றாள் ஆவுடை.

சம்பந்தியம்மா சுற்றிலும் பார்த்தாள். மரம் இல்லை. சுவர் இல்லை. சுற்றி நிற்கிற ஆண்களின் கண்கள்தான் இருந்தன. "எவனாவது ஒரு சாக்கு, ஒரு விரிப்பு கொண்டாங்கலே," என்றாள். எவனும் அசையவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பேனர அவுத்து எடு."

யாரிடம் சொன்னாளோ, எல்லோரும் பின்வாங்கினார்கள். "எத்தே, கை வெளங்காமப் போயிரும்!" என்று எவனோ கத்தினான்.

"இப்ப மட்டும் ஒங் கை என்னத்த வெளங்குது?"

மகனின் அருவாளைப் பிடுங்கினாள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சவுக்குக் கம்பில் ஏறினாள். இட்லிக் கொப்பரை தூக்கி இறுகிய கை. நான்கு வெட்டில் கயிறு அறுந்தது. பேனர் சடசடவென்று சரிந்து ரோட்டில் விழுந்தது. இரண்டு கரையிலும் ஒரு ஓலம். அவள் கை எப்போது விளங்காமல் போகும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவள் அந்தக் கையால் பேனரை உதறி விரித்தாள், மூலையை இழுத்துச் சுருக்கம் நீக்கினாள், ஆவுடையை அதன் நடுவில், அந்த முகத்தின் மேல், படுக்க வைத்தாள்.

"நல்ல மழமழன்னு இருக்கு. இதுக்காவது ஒதவுனானே, மூதி," என்றாள். "மறைப்புக்கு இன்னும் நாலு வேணும். ஏலே, காதுல விழல?"

முதலில் அசைந்தவர் பால்வண்ணம். எப்படி அசைந்தார் என்று அவருக்கே தெரியாது. முள்வேலிக்குள் காலை விட்டார். வேட்டி கிழிந்தது. 'துரோகிகளே' என்று எழுதி, ஆள் உயரம் தழைத்து நின்றதை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். பீர்க்கங்கொடி வருகிற மாதிரி வேரோடு வந்துவிட்டது. கூட்டம் அவர் கையையும் பார்த்தது. அதுவும் விளங்கிக்கொண்டுதான் இருந்தது. மகளுக்குத் தலைமாட்டில் அதை உயர்த்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கறுப்புக் கண்ணாடி போட்ட நாலாவது படம் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. இத்தனை கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. சகிக்கவில்லை.

அடுத்து சுடலைமுத்து ஓடிப்போய்த் தன் கரையில் இருந்து மேல்மீசை ஒன்றைப் பிடுங்கிவந்தான். பிறகு வேண்டாவெறுப்பாக இன்னும் சிலர். அருவாளைக் கீழே போட்டால்தான் இரண்டு கையாலும் பிடிக்க முடியும், போட்டார்கள். நான்கு பக்கமும் மறைப்பு நின்றது, கீழ்மீசைக்குப் பக்கத்தில் மேல்மீசை. பிடித்தவர்கள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். சேதி எட்டி, வடிவு வெந்நீர்ப் பானையோடு தெருவில் இருந்து ஓடிவந்தாள்.

"மயினி!"

"வா வடிவு. காலப் புடி. அழுவாத, பொறவு அழலாம்."

உள்ளே ஆவுடை அலறினாள். வெளியே, எத்தனையோ பேரைக் கதறவிட்ட வீரர்கள் அந்த அலறலுக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். பனிக்குடத்து நீரும் வெந்நீரும் ரத்தமும் பேனரின்மேல் ஓடின. எந்த மழைக்கும் கரையாத மை கரைந்தது. முதலில் மீசை போனது. பிறகு பாதிச் சிரிப்பு. வகிடு கலைந்தது, கண் இரண்டும் கோடாகி வழிந்தன, கீழே வரிசைப் படங்கள் ஒன்றோடொன்று குழைந்து ஓடை மாதிரி ரோட்டோரத்தில் இறங்கின. குழந்தை அழுதபோது அவள் படுத்திருந்தது வெறும் வெள்ளை விரிப்பில். பால்வண்ணத்தின் கையில் இருந்ததும் வெள்ளை. எழுத்து இல்லை, படம் இல்லை.

"பொட்டப்புள்ள," என்றாள் சம்பந்தியம்மா மறைப்புக்கு மேலே தலையை நீட்டி. "எவனாவது மூஞ்சியச் சுளிச்சீங்க, அருவா இங்கதான் கிடக்கு."

அந்த நேரத்துக்கே எல்லா ஊரிலும் எல்லாக் கன்றும் வெளுத்து, சுருண்டு, தண்டு வதங்கிச் சாய்ந்தன. ஆடுகள் தின்றன. அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. திருப்பூரில் மாடியில் நின்றவர்கள் எதற்காக நிற்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு கீழே இறங்கினார்களாம். உங்கள் அப்பா எதற்காகச் செத்தார் என்று சொல்ல மட்டும் மாசானத்தின் இரண்டு பிள்ளைகளிடம் யாரும் போகவில்லை.

ஒரு மாதத்தில் பாலத்து முனையில் புதுப் பேனர். 'சமாதானம் கண்ட செம்மல்களுக்கு நன்றி.' நடுவில் செருப்பைக் கழற்றிய அதிகாரி. கீழே முதல் படம் செண்பகராமன். ஊர் காசு போட்டு வாங்கிக்கொடுத்த மிஷினில், எலும்பு கோணலாக ஒட்டிய கையால், தாணுதான் அடித்தான்.

"அண்ணாச்சி, நாலாவதுதானே?" என்று கேட்டான். குரலில் மரியாதை இருந்தது, கண்ணில் இல்லை.

பால்வண்ணம் அந்தக் கையைப் பார்த்தார். "எம் படம் வேண்டாம்டே. சம்பந்தியம்மா படத்தப் போடு. நடுவுல."

"பேரு என்னன்னு போடணும்?"

பால்வண்ணம் வாயைத் திறந்தார். தெரியும், கல்யாணப் பத்திரிகையில் படித்திருக்கிறார். நாக்கு ஒருமுறைகூடச் சொல்லிப் பழகியதில்லை. சொன்னார். தாணு சிரித்தான். "ஊர்க் கமிட்டி ஒத்துக்கிடாது அண்ணாச்சி. ஆரு அந்தப் பொம்பளைம்பாவோ."

அவர் பாலத்தைத் தாண்டி இட்லிக்கடைக்கே போய்ப் படம் கேட்டார். அங்கே அந்த வெள்ளைப் பேனரைக் கழுவிக் காயவைத்து, கடைக்கு முன்னால் வெயில் மறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள். கீழே தொட்டிலில் பேத்தி.

"என்னையும் வெயில்லயும் மழையிலயும் கட்டித் தொங்கவிடவா? போயி புள்ளைக்கு வெளக்கெண்ணெய் வாங்கிட்டு வாரும் அண்ணாச்சி," என்றாள். அவர் போய் வாங்கிவந்தார்.

நன்றிப் பேனர் கன்று விடவில்லை. ஈச்சங்கால்காரர்கள் ஆள் பார்க்காத நேரத்தில் அதன் அடியில் இன்னும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார்கள். திருந்துகிற ஜென்மங்களா? சண்டையை நிறுத்தியது யார் என்று அவர்களிடம் கேட்டால், ஆளுக்கு ஒரு செம்மலின் பெயரைச் சொல்வார்கள். பால்வண்ணத்திடம் கேட்டால் ஒரு பெயர்தான் சொல்வார்.

இசக்கித்தாய்.